ஆரம்ப நிலை தோல் புற்றுநோய் சார்ட்டுகள்: கோடர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க டெர்மட்டாலஜி சார்ட்டுகளை, அதாவது தோல் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை, சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் பில்லுக்காகக் கோடு செய்கிறவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். அனாட்டமி தெரியும், சிபிசி என்ற கோடர் சான்றிதழ்ப் பரீட்சையும் பாஸ், ஆனாலும் தோல் சார்ட் வந்தால் கை நின்றுவிடுகிறது என்கிறவர்கள் நிறைய. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னுடையது. ஒவ்வொரு பேட்ச்சிலும் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நோய்க்கான கோடுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்றும், சிகிச்சைக்கான கோடுத் தொகுப்பான சிபிடி ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படும். சிகிச்சை நடந்த தேதிக்கு எந்தப் பதிப்பு செல்லுமோ அதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் சார்ட்டைத் திறந்த தேதி இங்கே கணக்கில் வராது.

நம்ம ஊர்ல தோல் புற்றுநோயை அவ்வளவா கேள்விப்பட்டதே இல்ல. இவங்க சார்ட்ல மட்டும் ஏன் தினமும் வருது?

அமெரிக்காவில் எல்லாப் புற்றுநோய்களிலும் அதிகம் காணப்படுவது தோல் புற்றுநோய்தான். வெளிர்நிறத் தோல், பல வருட வெயில், வயது மூன்றும் சேர்ந்த இடம் அது. ஃபுளோரிடா, அரிசோனா கிளினிக்குகளின் சார்ட்டைத் திறந்தாலே தெரிந்துவிடும். அதிலும் பெரும்பகுதி பேசல் செல் கார்சினோமா, அதற்கடுத்து ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. எண்ணிக்கையில் இவற்றைவிட, நிறமி செல்களில் தோன்றும் மெலனோமா மிகக் குறைவு, ஆனால் உயிர்போவது அதனால்தான் அதிகம்.

நம்மைப் போன்ற கருந்தோலுக்கு மெலனின் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. நமக்கு மெலனோமா வந்தால் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். பாப் மார்லிக்குக் கால் விரலில் வந்தது இந்த வகைதான், 1981-இல் இறந்துபோனார். பாதத்தில் வரும் மெலனோமாவைக் கோடு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு, கீழே உடலிடம் பற்றிய கேள்வியில் வருகிறது.

டாக்டர் "ஆரம்ப நிலை"ன்னு எழுதியிருந்தா அதுக்குன்னு தனி கோடு இருக்கா?

இல்லை. புதிதாக வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். ஐசிடி-10-சிஎம் கேட்பது மூன்றே விஷயம்: என்ன வகைக் கட்டி, உடலில் எங்கே, அதன் போக்கு என்ன. ஸ்டேஜ் 1ஏ மெலனோமாவுக்கும் ஸ்டேஜ் 3 மெலனோமாவுக்கும் முதலில் தோன்றிய இடத்தின் கோடு ஒன்றுதான். பரவியிருந்தால் அதைச் சொல்ல சி77 முதல் சி79 வரையிலான கோடுகள் கூடுதலாக வரும். பரவவில்லை என்று சொல்லக் கோடு கிடையாது.

சரி, அப்படியென்றால் எங்கே தேடுவது? மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கிய மெலனோமாவுக்கு சி43. பேசல் செல், ஸ்குவாமஸ் செல் உட்பட மற்றவற்றுக்கு சி44. மெர்க்கல் செல் என்ற அரிய வகைக்கு மட்டும் தனியாக சி4ஏ. மேல்தோலிலேயே நின்றுவிட்ட மெலனோமாவுக்கு டி03, அதேபோல் நின்றுவிட்ட கார்சினோமாவுக்கு டி04. "ஆரம்பம்" என்பதை ஐசிடி தெரிவிக்கும் ஒரே இடம் இந்தக் கடைசி இரண்டுதான்.

இன் சிட்டுன்னாலும் கேன்சர்தானே? சி43 போட்டா என்ன தப்பு?

மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள டெர்மிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வு இருக்கிறது. அதைத் தாண்டாத வரை இன் சிட்டு, தாண்டினால் இன்வேசிவ். தாண்டாத ஒன்றுக்கு சி43 போட்டால், அந்த நோயாளிக்கு இன்வேசிவ் மெலனோமா இருந்ததாக அவருடைய பதிவில் நின்றுவிடும். பிற்பாடு அவர் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அது வந்து நிற்கும். நமக்கு அது ஒரு பாயின்ட் குறையும் ஆடிட் பிழை, அவருக்கு அப்படியில்லை.

பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் சில பெயர்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். "லென்டிகோ மலிக்னா" என்று மட்டும் இருந்தால் அது இன் சிட்டு, டி03. "லென்டிகோ மலிக்னா மெலனோமா" என்று இருந்தால் இன்வேசிவ், சி43. ஒரு சொல் கூடினால் கோடின் பிரிவே மாறிவிடுகிறது. "போவன்ஸ் டிசீஸ்" என்பது ஸ்குவாமஸ் இன் சிட்டு, டி04. "ஆக்டினிக் கெரட்டோசிஸ்" புற்றுநோயே அல்ல, அதற்கு முந்தைய நிலை, எல்57.0. வெறும் "கெரட்டோஅகாந்தோமா" என்றால் இன்டெக்ஸ் உங்களை எல்85.8-க்கு அனுப்பும்; "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கெரட்டோஅகாந்தோமா வகை" என்று பேத்தாலஜிஸ்ட் எழுதினால் சி44-க்குப் போய்விடும்.

பிரெஸ்லோ, கிளார்க், அல்சரேஷன் எதுவுமே கோடுக்குள்ள வராதுன்னா அதெல்லாம் ஏன் படிக்கணும்?

பிரெஸ்லோ என்பது மெலனோமா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் சொல்லும் அளவு. அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் முன்வைத்தது. 2018 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏஜேசிசி என்ற புற்றுநோய் ஸ்டேஜிங் நெறிமுறையின் எட்டாம் பதிப்பில் மிக ஆரம்ப நிலையைப் பிரிக்கும் எல்லை 0.8 மி.மீ.; புண் ஆகியிருக்கிறதா (அல்சரேஷன்) என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும். தோலின் எந்த அடுக்கு வரை இறங்கியது என்று சொல்லும் கிளார்க் லெவல் இப்போது ஸ்டேஜிங்கில் இல்லை, பழைய டெம்ப்ளேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கோடருக்கு இது தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. எவ்வளவு ஓரம் விட்டு வெட்ட வேண்டும் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. இன் சிட்டு என்றால் வழக்கமாக அரை முதல் ஒரு செ.மீ., 1 மி.மீ.க்கு மேற்படாத மெலனோமாவுக்கு 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் போனால் 2 செ.மீ. அந்த ஓரம் எக்ஸிஷன் (கட்டியை வெட்டியெடுத்தல்) அளவுக்குள் சேரும், அளவு சிபிடி கோடை மாற்றும். நிணநீர் முடிச்சு பயாப்ஸிக்கு இன்ஷூரன்ஸ் அனுமதி கேட்கும்போதும் பேயர் (பணம் தரும் இன்ஷூரன்ஸ் நிறுவனம்) முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

நோட்ல "ஸ்கின் சிஏ, லெஃப்ட் ஆர்ம்"னு மட்டும்தான் இருக்கு. பேசல் செல்தான் அதிகம்னு அதையே போட்டுடலாமா?

கூடாது. எது அதிகம் வரும் என்பது உங்கள் பொது அறிவு, இந்த நோயாளிக்கு என்ன என்பது சார்ட்டில் இருக்க வேண்டும். பேத்தாலஜி ரிப்போர்ட் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வகை குறிப்பிடாத சி44.609, இல்லையென்றால் டாக்டருக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு எழுதும் குறிப்பு.

இந்த இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சி43-இல் வலது கை சி43.61, இடது கை சி43.62. சி44-இல் பேசல் செல் வலது கை சி44.612, இடது கை சி44.619. கடைசியில் 9 இருப்பதைப் பார்த்ததும் "குறிப்பிடாதது" என்று கை தானாக ஒதுக்கிவிடும். இங்கே 9 என்றால் இடது. பக்கம் குறிப்பிடாததற்குத்தான் சி44.611.

உடலிடத்தை ஐசிடியில ஒருமாதிரி, சிபிடியில ஒருமாதிரி பிரிச்சிருக்காங்களே?

ஆமாம், இரண்டையும் உருவாக்கியவர்கள் வேறு வேறு ஆட்கள். சிபிடி அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனுடையது. ஐசிடி-10-சிஎம்மைப் பார்த்துக்கொள்வது அரசு அமைப்புகள். ஐசிடிக்குப் பாதம் என்பது காலின் ஒரு பகுதி, ஆகவே வலது உள்ளங்கால் மெலனோமா சி43.71. எக்ஸிஷன் கோடு எடுக்கும்போதோ கால், கை, உடம்பு எல்லாம் 11600 வரிசை. பாதமும் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கையும் தலைத்தோல், கழுத்து, பிறப்புறுப்புடன் சேர்ந்து 11620 வரிசை. முகம், காது, கண்ணிமை, மூக்கு, உதடு 11640 வரிசை. டயக்னோசிஸ் "லோயர் லிம்ப்" என்று இருப்பதால் 11600-க்குள் போய் விழுகிறவர்கள் அதிகம்.

உதட்டில் இன்னொரு எல்லை. உதட்டுக்கு மேலுள்ள தோலில் வந்த கார்சினோமா சி44.0-. சிவந்த உதட்டுப் பகுதியான வெர்மிலியனில் வந்தால் அது தோல் கணக்கே இல்லை, சி00. டாக்டர் "லிப்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆபரேஷன் நோட்டின் விவரணையையும் படம் வரைந்திருந்தால் அதையும் பாருங்கள்.

பயாப்ஸி எடுத்த அன்னைக்கு ரிசல்ட் வரல. டி48.5 போடலாம்ல? "அன்சர்ட்டன்"னு பேர்லயே இருக்கே.

நான் அதிகம் திருத்துகிற பிழை இதுதான். டி48.5-இல் "அன்சர்ட்டன்" என்றால் நமக்குத் தெரியவில்லை என்று பொருளல்ல. பேத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகும் இது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியவில்லை என்று எழுதினால்தான் அது. ரிப்போர்ட் இல்லாமல் டி48.5 வரவே வழியில்லை.

ரிப்போர்ட் வராத நிலையில் டாக்டர் "நியோபிளாசம்" (கட்டி) என்று எழுதியிருந்தால் டி49.2. "லீஷன்" (தோலில் ஏதோ மாற்றம்) என்று மட்டும் எழுதியிருந்தால் எல்98.9. கோடு செய்யும் நேரத்தில் இறுதி ரிப்போர்ட் கையில் இருந்தால், அவுட்பேஷன்ட்டில் அதிலுள்ள உறுதியான டயக்னோசிஸையே போடலாம், பேத்தாலஜிஸ்டும் மருத்துவர்தான். உள்நோயாளி சார்ட்டில் இது செல்லாது. அங்கே சிகிச்சையளிக்கும் டாக்டரே எழுதியாக வேண்டும்.

ரிப்போர்ட்லயே "கன்சிஸ்டென்ட் வித் மெலனோமா"ன்னு இருக்கு. அது போதாதா?

அவுட்பேஷன்ட்டில் போதாது. "ப்ராபபிள்", "சஸ்பெக்டட்", "ரூல் அவுட்", "கம்பேட்டிபிள் வித்", "கன்சிஸ்டென்ட் வித்" எல்லாமே உறுதியில்லாத சொற்கள் என்று ஐசிடி வழிகாட்டி நெறிகளின் நான்காம் பகுதி பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. இப்படி எழுதியிருந்தால் தெரிந்த அளவுக்குத்தான் கோடு செய்ய வேண்டும்: அறிகுறி, லீஷன், அல்லது டாக்டர் உறுதியாகச் சொன்ன வேறு ஏதாவது. உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது இதே சொற்கள் இருந்தால் நோய் இருப்பதாகவே கோடு செய்யலாம். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு நியாயம். பிடிக்காவிட்டாலும் விதி அதுதான்.

டிஸ்பிளாஸ்டிக் நீவஸ் எனும் இயல்பு மாறிய மச்சத்திலும் இதே கவனம் தேவை. அதன் இன்னொரு பெயரான அட்டிப்பிக்கல் நீவஸ் டி22-க்குள்தான் வருகிறது. "மெலனோமா இன் சிட்டுவை முழுவதும் ஒதுக்க முடியாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தாலும் அதை வைத்து டி03-க்குத் தாவக் கூடாது.

டாக்டர் மெலனோமான்னு சந்தேகப்பட்டு பெருசா வெட்டிட்டார், ரிப்போர்ட்ல பெனைன்னு வந்துடுச்சு. மலிக்னன்ட் எக்ஸிஷன் கோடு போடலாமா? வேலை அதே வேலைதானே.

வேலை அதேதான், ஆனாலும் பெனைன் (புற்றுநோய் அல்லாத) வரிசையான 11400-தான். எக்ஸிஷனில் கட்டியின் தன்மைதான் கோடு வரிசையைத் தீர்மானிக்கிறது. ஓரமும் சேர்ந்த அளவு எடுத்துக்கொள்வதால் பெரிய வெட்டுக்கான மதிப்பு கொஞ்சமாவது வந்துவிடும். இதனால்தான் எக்ஸிஷன் கிளெய்மை ரிப்போர்ட் வரும் வரை ஹோல்டில் வைக்கச் சொல்கிறோம். ப்ரொடக்‌ஷன் டார்கெட் கழுத்தை நெரிக்கும் நாளில் இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு; டினையல் (பேயரின் மறுப்பு) வரும்போது அதே சார்ட்டை இரண்டாவது தடவை திறக்க வேண்டியிருக்கும்.

பயாப்ஸிக்கும் ஷேவ் ரிமூவலுக்கும் இந்தக் காத்திருப்பு இல்லை. அவற்றின் சிபிடி கோடு ரிசல்ட்டைப் பொறுத்ததல்ல. மெலனோமா இன் சிட்டு, ஸ்குவாமஸ் இன் சிட்டு இரண்டையும் எக்ஸிஷன் செய்தால் மலிக்னன்ட் வரிசைதான்.

எக்ஸிஷன் அளவு எதுன்னே புரியல. நோட்ல நாலு நம்பர் இருக்கு.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் போட்டுப் பார்ப்போம். இடது முன்கையில் பயாப்ஸியில் உறுதியான மெலனோமா, பிரெஸ்லோ 0.6 மி.மீ. லீஷன் அகலம் 0.8 செ.மீ., சுற்றிலும் 1 செ.மீ. மார்ஜின் (ஓரம்). பேத்தாலஜிக்குப் போன திசு 5.4 க்கு 2.3 செ.மீ. நீள்வட்டம். இப்போது கோடு என்ன?

லீஷனின் அதிகபட்ச அகலத்தோடு மிகக் குறுகிய மார்ஜினை இரண்டு பக்கத்துக்கும் கூட்டுங்கள்: 0.8 + 1 + 1 = 2.8 செ.மீ. கையென்பதால் 11600 வரிசை, 2.1 முதல் 3.0 வரை 11603. இதுதான் விடை. மார்ஜினை மறந்தவருக்கு 0.8, அதாவது 11601. ஒரு பக்கம் மட்டும் கூட்டியவருக்கு 1.8, அதாவது 11602. நீள்வட்டத்தின் நீளத்தை எடுத்தவருக்கு 5.4, அதாவது 11606. ஒரே நோட், நாலு விடை, மூன்று தப்பு. பிரெஸ்லோ ஆழத்தை லீஷன் அளவென்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இதில் நல்ல வேளையாக அது மி.மீ. என்று எழுதியிருக்கிறது.

நீள்வட்டம் நீளமாக இருப்பது தோலை மடிப்பில்லாமல் தைப்பதற்காக, அது லீஷன் அளவில் சேராது. வெட்டுவதற்கு முன்பு டாக்டர் அளந்ததே கணக்கு. ஃபார்மலினில் போட்ட திசு சுருங்கும், ஆகவே பேத்தாலஜி அளவை நம்பினால் ஒரு கோடு கீழே போய்விட வாய்ப்புண்டு. நோட்டில் அளவே இல்லாதபோது வேறு வழியின்றி அதைத்தான் எடுப்பார்கள், நஷ்டம் கிளினிக்குக்கு. டாக்டர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுவாகவே இருக்கட்டும்.

ஒரே நாள்ல ஒரு பஞ்ச், ரெண்டு ஷேவ் பயாப்ஸி. மூணு முதல் கோடு போடணுமா?

2019 ஜனவரியில் பழைய 11100, 11101 நீக்கப்பட்டு, எடுக்கும் முறையை வைத்துப் புதுக் கோடுகள் வந்தன. டேன்ஜென்ஷியல் (மேலாகச் சீவுவது) 11102, பஞ்ச் (வட்டக் கருவியால் குத்தி எடுப்பது) 11104, இன்சிஷனல் (கத்தியால் ஒரு பகுதியை வெட்டுவது) 11106. ஒவ்வொன்றுக்கும் கூடுதல் லீஷனுக்கு 11103, 11105, 11107. ஒரு விசிட்டில் முதல் கோடு ஒன்றுதான் வரலாம், அதுவும் இன்சிஷனல், பஞ்ச், டேன்ஜென்ஷியல் என்ற வரிசையில் முதலில் வரும் முறைக்கு. உங்கள் கேள்விக்கு விடை 11104 ஒன்று, 11103 இரண்டு.

"ஷேவ்" என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். பரிசோதனைக்காகக் கொஞ்சம் எடுத்தால் அது டேன்ஜென்ஷியல் பயாப்ஸி. லீஷனையே நீக்குவதற்காகச் சீவினால் 11300 வரிசை. டாக்டரின் நோக்கம் நோட்டில் இருக்க வேண்டும்.

பயாப்ஸியும் எக்ஸிஷனும் ஒரே நாள். மாடிஃபையர் 59 போட்டா ரெண்டும் பாஸ் ஆகிடும்ல?

மாடிஃபையர் என்பது சிபிடி கோடோடு சேர்க்கும் குறிப்பு எண்; 59 என்றால் இது தனிச் சிகிச்சை என்று பொருள். சாஃப்ட்வேரில் பாஸ் ஆகும், ஆடிட்டில் ஆகாது. ஒரே லீஷனில் பயாப்ஸி எடுத்து அங்கேயே முழுவதும் வெட்டினால் எக்ஸிஷன் மட்டும்தான். முதுகில் ஒன்றை வெட்டி, கன்னத்தில் வேறொன்றை பயாப்ஸி எடுத்தால் 59 அல்லது தனி இடம் என்று சொல்லும் எக்ஸ்எஸ் நியாயம். இரண்டு இடமும் நோட்டில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விசிட் கோடுக்குப் போடும் 25-ம் இதே மாதிரிதான். சிறிய சிகிச்சையைச் செய்யலாம் என்று முடிவெடுக்கும் வேலை அந்தச் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே விசிட்டில் சோரியாசிஸுக்கு மருந்து மாற்றினார் என்பது போலத் தனியாக ஏதாவது இருந்தால் 25.

தையலுக்குத் தனியா பில் பண்ணலாமா?

சாதாரணத் தையல் எக்ஸிஷனுக்குள் அடக்கம். பல அடுக்காகத் தைத்த இன்டர்மீடியட்டும், காம்ப்ளெக்ஸும் தனி. பக்கத்துத் தோலை நகர்த்தி மூடினால் 14000 வரிசை, அப்போது எக்ஸிஷனைச் சேர்த்துப் போடக் கூடாது, உள்ளேயே வந்துவிடுகிறது. முன்பு ஒதுக்கச் சொன்ன நீள்வட்டத்தின் நீளம் இங்கேதான் உதவும்: தையல் கோடுக்குத் தைத்த காயத்தின் நீளமே கணக்கு.

மார்ஜின் பாசிட்டிவ்னு வந்து திரும்ப வெட்டினாங்க. ரெண்டாவது ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல. இப்ப பெனைன் கோடா?

முன்பு சொன்ன "ரிப்போர்ட்டைப் பார்த்து வரிசையை முடிவு செய்" என்ற விதியை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான் இதில் விழுகிறார்கள். மார்ஜின் பாசிட்டிவ் என்றால் வெட்டிய ஓரத்தில் இன்னும் கட்டி இருந்தது; இரண்டாவது வெட்டு முதல் நோய்க்கான சிகிச்சையின் தொடர்ச்சி. அந்த இடத்துக்கான சிகிச்சை முடியும் வரை புற்றுநோய்க் கோடே தொடரும் என்று ஐசிடி நெறிமுறை சொல்கிறது. ஆகவே டயக்னோசிஸ் அதே சி43, சிபிடி மலிக்னன்ட் வரிசை, அளவு மட்டும் இந்த வெட்டின் அளவு. இரண்டாவது ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை என்பது நோயாளிக்கு நல்ல செய்தி, கோடை அது மாற்றாது.

மலிக்னன்ட் எக்ஸிஷனுக்கு குளோபல் பீரியட் (பின்கவனிப்பும் அதே கட்டணத்தில் அடங்கும் காலம்) 10 நாள். அதற்குள் திரும்ப வெட்டினால், தொடர் சிகிச்சை என்று சொல்லும் மாடிஃபையர் 58. அதே சிட்டிங்கில், திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் பார்த்து இன்னும் கொஞ்சம் வெட்டினால் இரண்டு கோடு கிடையாது, கடைசியில் ஆன அகலமான அளவுக்கு ஒரே கோடு.

மோஸ் சர்ஜரில பேத்தாலஜி தனியா பில் ஆகியிருக்கு. விடலாமா?

முதலில் யார் பில் செய்திருக்கிறார் என்று பாருங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் மோஸ் 1930-களில் உருவாக்கிய, கட்டியை அடுக்கடுக்காகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் இந்த முறையில் வெட்டுகிறவரும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவரும் ஒரே டாக்டராக இருக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தான் 17311 வரிசை. வேறொரு பேத்தாலஜிஸ்ட் பார்த்துச் சொன்னால் அது மோஸ் கோடே இல்லை, சாதாரண எக்ஸிஷன்.

மூக்கில் பேசல் செல், இரண்டு ஸ்டேஜில் முடிந்தது என்றால் டயக்னோசிஸ் சி44.311, சிகிச்சை 17311 ஒன்று, 17312 ஒன்று. ஒரு ஸ்டேஜில் ஐந்து பிளாக்குக்கு (பரிசோதனைக்கான திசுத் துண்டு) மேல் போனால் கூடுதல் பிளாக் ஒவ்வொன்றுக்கும் 17315. இங்கே "ஸ்டேஜ்" என்பது எத்தனை முறை சீவினார்கள் என்பது. புற்றுநோய் ஸ்டேஜோடு குழப்பிக்கொண்டு "ஸ்டேஜ் 2 கேன்சர்" என்று குறிப்பு எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

2014-ல வெட்டின மெலனோமாவை டாக்டர் இன்னும் "மெலனோமா"ன்னுதான் எழுதுறார். சி43-ஆ, இசட்85-ஆ?

வெட்டி முடித்தாயிற்று, வேறு சிகிச்சை நடக்கவில்லை, நோய் இருப்பதற்கான அடையாளமும் இல்லை என்றால், முன்பு வந்து முடிந்த நோயைக் குறிக்கும் இசட்85.820. பேசல், ஸ்குவாமஸுக்கு இசட்85.828. இன் சிட்டுவாக இருந்தது என்றால் இவை இரண்டுமே இல்லை. மெலனோமா இன் சிட்டுவுக்கு இசட்86.006, தோலின் மற்ற இன் சிட்டுவுக்கு இசட்86.007, இவை 2019 அக்டோபரில் வந்தவை, பழைய சீட் ஷீட்டில் இருக்காது. மெலனோமாவுக்குப் பிறகான பரிசோதனைக்கே வந்திருந்தால் முதலில் இசட்08, அப்புறம் இசட்85.820.

வெட்டிய பிறகும் துணைச் சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தால் சி43 தொடரும். ஸ்டேஜ் 2பி, 2சி மெலனோமாவுக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைத் துணைச் சிகிச்சையாகக் கொடுக்க 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி வந்தது. ஆகவே "அறுவை முடிந்தது, ஆகவே ஹிஸ்டரி" என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, மருந்துப் பட்டியலையும் பார்க்க வேண்டும். மெடிகேர் அட்வான்டேஜ் (அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் வகை) திட்டங்களில் நோயாளியின் டயக்னோசிஸைப் பொறுத்துத் திட்டத்துக்குக் கிடைக்கும் தொகை மாறும். முடிந்துபோன நோயை நடப்பு நோயாகக் காட்டுவதை ஆடிட்டர்கள் சாதாரணப் பிழையாகப் பார்ப்பதில்லை. காப்பி-பேஸ்ட் செய்யப்பட்ட ப்ராப்ளம் லிஸ்ட்டை மட்டும் வைத்து சி43 எடுக்காதீர்கள்.

வருஷா வருஷம் உடம்பு முழுக்க தோல் செக்கப். இசட்12.83 தானே?

அறிகுறியும் இல்லை, முன்பு வந்ததும் இல்லை என்றால் ஆமாம். குடும்பத்தில் இருந்தால் இசட்80.8 சேருங்கள். முன்பே வந்தவர் என்றால் மேலே சொன்னபடி. "இந்த மச்சம் பெரிதாகிறது" என்று காட்ட வந்தவருக்கு அது ஸ்கிரீனிங் அல்ல. அறிகுறி இல்லாதவர்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2023-இல் சொன்னது; அதனால் இந்தக் கோடு மட்டும் உள்ள கிளெய்ம் திரும்பி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கேன்சர் ரிஜிஸ்ட்ரி ஷீட்ல மெலனோமாவுக்கு சி44-ன்னு இருக்கு. அவங்க தப்பா, நாம தப்பா?

இருவருமே சரி. ரிஜிஸ்ட்ரியில், அதாவது புற்றுநோய்ப் பதிவேட்டில், பயன்படுத்துவது கட்டிகளுக்கான தனித் தொகுப்பான ஐசிடி-ஓ. அதில் உடலிடத்துக்கு ஒரு கோடு, திசு வகைக்குத் தனியாக இன்னொரு கோடு. தோல் என்றால் எந்தப் புற்றுநோயாக இருந்தாலும் இடம் சி44. மெலனோமா என்பதை 8720/3 சொல்லும். சாய்கோட்டுக்குப் பிறகு 2 என்றால் இன் சிட்டு, 3 என்றால் இன்வேசிவ். அந்த ஷீட்டைப் பார்த்து கிளெய்மில் சி44 போட்டால் மெலனோமா பேசல் செல்லின் வீட்டுக்குள் போய்விடும். தோலின் சாதாரண பேசல், ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்களை ரிஜிஸ்ட்ரி பொதுவாகச் சேகரிப்பதே இல்லை, அந்த ஷீட்டில் அவற்றைத் தேடாதீர்கள்.

க்வெரில "இது மெலனோமா இன் சிட்டுதானே டாக்டர்?"னு நேரா கேட்டா வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், அதனால்தான் கூடாது. விடையை நாமே கையில் கொடுத்தால் அது வழிநடத்தும் க்வெரி. டாக்டர் "எஸ்" என்று தட்டிவிட்டுப் போவார், ஆடிட்டில் அந்த "எஸ்" நிற்காது. பணம் எவ்வளவு கூடும் என்பதையும் க்வெரியில் எழுதக் கூடாது.

சார்ட்டில் இருப்பதை எடுத்து வைத்துவிட்டுக் கேளுங்கள். இப்படி: "மார்ச் 4 விசிட் நோட்டில் வலது கன்னத்தில் மெலனோமா என்றும், இணைக்கப்பட்ட பேத்தாலஜி ரிப்போர்ட்டில் லென்டிகோ மலிக்னா என்றும் இருக்கிறது. உங்கள் மருத்துவக் கணிப்பின்படி இந்த லீஷனின் டயக்னோசிஸைத் தெளிவுபடுத்தவும்: இன்வேசிவ் மெலனோமா, மெலனோமா இன் சிட்டு, வேறு ஏதேனும், இப்போது தீர்மானிக்க இயலவில்லை." கடைசி இரண்டு வாய்ப்புகளை விட்டுவிடாதீர்கள்.

பதில் அடெண்டமாக (நோட்டோடு பின்னால் சேர்க்கும் தனிக் குறிப்பாக) வர வேண்டும், எழுதிய தேதியும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். பழைய நோட்டையே திருத்தி மார்ச் 4 தேதியில் எழுதியதுபோல் வந்தால் கோடு செய்யாமல் டீம் லீடிடம் கொடுங்கள். மேலே உள்ளதற்கு "மெலனோமா இன் சிட்டு" என்று முறையான அடெண்டம் வந்தால் டி03.39 போட்டு கிளெய்மை ஹோல்டில் இருந்து எடுத்துவிடலாம்.